இளைப்பு நோயும் நடைப்பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயுற்றாரை இளைப்பாறச் சொல்வதே உலக வழக்கு. மூச்சு முட்டுகின்றது என்று ஒருவர் வந்தால், அவரை இருத்தி விசிறி, “அசையாதிரும்” என்று கூறுவதே அன்புடையார் செயலாகவும் மருத்துவர் செயலாகவும் பன்னெடுங்காலம் இருந்து வந்துள்ளது. இவ்வழக்குப் பல நோய்களுக்குப் பொருந்துவதாயினும், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் சுவாச நோய்களிலே நன்மையிலும் பார்க்கத் தீமையையே மிகுதியாகச் செய்தது. இதனை மருத்துவ உலகம் ஐயத்துக்கு இடமின்றி உணர்ந்து கொள்வதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது. அவ்வுணர்வு நேர்கோட்டில் வளர்ந்ததன்று. ஒருமுறை கண்டு, பின்னர்க் கைவிட்டு, மறுபடியும் தேடியெடுத்த கதை அது. அக்கதையைச் சபரகமுவ மாகாணத்து நிவித்திகலப் பகுதியின் தோட்டங்களை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரத்தினபுரி மாவட்டத்திலுள்ள நிவித்திகல மாணிக்கக் குழிகளாற் பெயர்பெற்ற ஊர். தேயிலையும் இறப்பரும் ஒருங்கே விளையும் தாழ்நிலத் தோட்டப் பகுதியுமாகும். மழை மிக்க நாடு. மழை மிகுந்தவிடத்து விறகு ஈரமாகும். ஈர விறகு எரிவதிலும் புகைவதே அதிகம். லயக் காம்பறாவின் ஒடுங்கிய அடுப்படியில், புகை செல்லப் போதிய வழியின்றி, நாளுக்கு இருமுறை அப்புகையை முகத்தில் வாங்கிச் சமைத்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்துள்ளனர். இறப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கி விறகுப் புகையில் உலர்த்தும் புகைக்கூடம் ஒருபுறம். தேயிலைத் தொழிற்சாலையிற் சலிக்கும்போது எழும் நுண்ணிய தூசு மற்றொருபுறம். ஆடவர் பலரது பீடியும் சுருட்டும் வேறொருபுறம். புகைபிடித்தறியாத பெண்ணொருத்திக்கும் ஐம்பது வயதுக்கு மேலே மேட்டுப் பாதையில் மூச்சு வாங்கத் தொடங்குமாயின் அதில் வியப்பில்லை. தோட்டத்தார் இதனை இழுப்பு என்பர். யாழ்ப்பாணத்தார் முட்டு என்றும் தொய்வு என்றும் கூறுவர். மருத்துவர் இன்று இவ்வகை நோய்களுட் பெரும்பான்மையானவற்றை நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்னும் பெயரால் வழங்குகின்றனர். இந்நோயால் 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எழுபது வயதுக்கு முன்னரே இந்நோயால் இறந்தோருட் பத்தில் ஒன்பது பங்கினர் வருமானங் குறைந்த, இடைத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். மேலும், காசநோய் மருந்தினால் மாறிய பின்னரும் வடுப்பட்ட நுரையீரலோடு வாழ்வோர் இவர்களின் வேறாக உளர்.

தேயிலைத் தூசைப் பொறுத்தவரையில் இலங்கை மருத்துவர் ஒருவரின் பெயர் உலக மருத்துவ ஏடுகளிற் பதிந்துள்ளது. மார்பு நோய் மருத்துவரும் இலங்கை மருத்துவ வரலாற்றை 1987 இல் நூலாக எழுதியவருமாகிய சீ. ஜீ. ஊரகொட அவர்கள், தேயிலை செய்வோர்க்கு வரும் இழுப்பைப் பற்றி 1970 ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஏடொன்றில் எழுதினார். தேயிலைக் கலப்புத் தொழிலாளரிடையே நாட்பட்ட மார்புச்சளி நோயும் இழுப்பும் பொதுமக்களிடையே உள்ளதினும் மிகுதி என்பதை 1980 இல் எடுத்துக்காட்டினார். நோயின் காரணத்தைக் கண்டோர் நம்மிடையே இருந்தனர் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம். காரணம் கண்ட அளவுக்கு, நோயோடு வாழ்வோரை மீண்டும் நடமாடச் செய்யும் வழியில் நமது கவனம் செல்லவில்லை.

இதற்குத் தோட்ட மருத்துவத்தின் பிறப்பையே ஒரு காரணமாகக் கூறலாம். 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொட்டு வளர்ந்த தோட்ட மருத்துவம், காய்ச்சலையும் பேதியையும் கருதி அமைந்தது. விரைவில் வந்து விரைவிற் போகும் நோய்களை மாற்றித் தொழிலாளியை மீண்டும் பெரட்டுக்கு அனுப்புவதே அதன் வேலை. போகாத நோய்க்கு அதனிடம் இடமில்லை. தோட்டத்திலே உடலுழைப்புக்கு இரு நிலைகளே உண்டு: பேர் விழும் நிலை ஒன்று, விழாத நிலை மற்றொன்று. கொழுந்தின் நிறை குறைந்தால் விழும் அரைப் பேரும் தொழிலாளியின் மூச்சைப் பார்த்து இடப்படுவதன்று. தராசைப் பார்த்து இடப்படுவதே. மூச்சு வாங்குகிறவள் சில காலம் இழுத்துப் பறித்துப் பார்த்து, பின்னர் வேலையை விட்டு லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். முழு உழைப்புக்கும் முழு ஓய்வுக்கும் இடையிலே படிகள் இல்லை. இக்கட்டுரையிற் கூறப்படும் வரலாறு முழுவதும் அந்தப் படிகளைத் தேடிய வரலாறே எனலாம்.

முதலில் அவற்றைத் தேடியவர் ஜேர்மானியராகிய ஹேர்மன் பிறெமர். காசநோய் மாற்ற முடியாதது என்று பலரும் நம்பிய 1850 களில், அவர் சைலீசிய மலைநாட்டுக் கேர்பர்ஸ்டோர்வ் என்னும் சிற்றூரில் நோயாளரைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. காசநோயாளரின் இருதயம் சிறியது, மலையேறினால் அது வலுப்பெறும் என்பது அவரது கொள்கை. கொள்கை தவறாயினும் செயல் ஆராயத்தக்கது. மலைச்சரிவிலே பாதைகள் அமைத்து, இடையிடையே இருக்கைகள் இட்டு, இன்று இவ்வளவு, நாளை அதனிற் சிறிது மேலே என நோயாளரை நடக்கவைத்தார். அவரிடம் நோயாளியாகச் சென்று, அவருக்கே உதவி மருத்துவராகிய பேற்றர் டெற்வைலர் 1876 ஆம் ஆண்டிலே வோல்க்கன்ஸ்ரைன் என்னுமிடத்திற் சொந்த நிலையம் நிறுவினார். அவர் குருவின் நெறிக்கு மாறாக, நோயாளரைத் திறந்த மாடத்திலே சாய்நாற்காலிகளிற் படுக்கவைத்தார். மாணாக்கன் முறையே வென்றது. போர்வை போர்த்து வரிசையாய்ப் படுத்திருக்கும் நோயாளரின் காட்சியே ஐரோப்பா முழுவதும் காசநோய் நிலையத்தின் இலக்கணமாகிவிட்டது. அமெரிக்காவிலே டென்வர் நகரத்து மருத்துவர் சார்ள்ஸ் டெனிசன், நுரையீரல் நோயாளருக்குரிய பயிற்சியையும் உணவையும் பற்றி 1895 இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதனைப் பின்பற்றியோர் சிலரே.

இவ்வரலாற்றிலே நாம் சற்று நின்று நோக்கவேண்டியவர் மாக்கஸ் பற்றர்சன். இலண்டன் புறொம்ற்றன் வைத்தியசாலைக்குரிய காசநோய் நிலையம் சறேப் பகுதியின் பிறிம்லியில் அமைந்தபோது, 1905 அளவில் அவர் அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அங்கு வந்தோர் செல்வரல்லர், உழைத்துண்ணும் ஏழைகள். பல மாதம் படுத்திருந்து, நன்கு உண்டு, உடல் பருத்து வீடு திரும்பிய இத்தகையோர், வேலைக்குச் சென்ற சில கிழமைகளிலேயே ஆற்றாது வீழ்வதை அவர் அறிந்திருந்தார். படுக்கையிலிருந்து நேரே பட்டறைக்கு ஒருவனை அனுப்புவது அறிவுடைமையாகுமா என்பதே அவர் எழுப்பிய வினா. காய்ச்சல் தணிந்தவரை முதலிற் சிறு தூரம் நடக்கவைத்து, நாளடைவிலே நாளொன்றுக்குப் பத்து மைல்வரை கூட்டினார். பின்னர்க் கூடையில் மண் சுமத்தல், அதன்பின் சிறு மண்வாரி, பின் பெருமண்வாரி, இறுதியிலே பிக்காசு என வேலையைப் படிப்படியாக உயர்த்தினார். ஒவ்வொரு படியிலும் அளவுகோலாயிருந்தது நோயாளியின் உடல் வெப்பநிலை. வெப்பம் ஏறினால் அவர் மீண்டும் படுக்கைக்குச் சென்றார். தணிந்த பின் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார். 1908 ஆம் ஆண்டிலே தமது முறையை அவர் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்.

பற்றர்சனது முறையிற் குறைகளும் இருந்தன. ஏழைகள் சோம்பிப் போகலாகாது என்னும் அக்கால மேல்வகுப்பாரின் எண்ணம் அதிற் கலந்திருந்தது. நோயாளரின் உழைப்பால் நிலையத்து நிலம் திருந்தியது என்பதும் உண்மையே. உழைப்பினால் நோய் நஞ்சு சிறிதளவு இரத்தத்திற் கலந்து எதிர்ப்பாற்றலைத் தூண்டுகின்றது என்று அவர் கூறிய விளக்கம் பிற்காலத்திலே நிலைக்கவில்லை. ஆயினும் பிறிம்லியின் மண்கூடையையும் நமது தோட்டத்துக் கொழுந்துக் கூடையையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். இரண்டும் சுமைதான். முன்னையதன் அளவை நோயாளியின் உடல் வகுத்தது. பின்னையதன் அளவைத் தோட்டத்தின் கணக்கு வகுத்தது. “நாள் முழுதும் மலையேறி இறங்கும் எங்களுக்கு இன்னுமொரு பயிற்சியா?” என்று தோட்டத்து மக்கள் கேட்பார்களாயின், அக்கேள்விக்குரிய விடை இவ்வேறுபாட்டிலேயே உள்ளது.

முதலாம் உலகப் போரின் பின்னர்ப் பற்றர்சனது முறை ஒதுக்கப்பட்டது. நெஞ்சறையிற் காற்றைப் புகுத்தி நுரையீரலைச் சுருக்கியும், விலா எலும்புகளை வெட்டியும், நோயுற்ற பகுதிக்கு ஓய்வளிக்கும் சிகிச்சைகள் பரவின. உடம்புக்கு ஓய்வு, நுரையீரலுக்கு ஓய்வு, மனத்துக்கும் ஓய்வு என்பதே மந்திரமாயிற்று. இம்மந்திரத்தை அசைத்த சான்று ஐரோப்பிய மலையொன்றிலிருந்து வரவில்லை. சென்னை நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து வந்தது.

1956 ஆம் ஆண்டிலே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சென்னையிற் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையத்தைத் தொடங்கின. அதன் முதல் தலைவர் வலஸ் பொக்ஸ். காசநோய் நிலையங்களில் எல்லா நோயாளருக்கும் இடமளிக்க முடியாதிருந்த காலம் அது. ஆகவே, வீட்டிலிருந்தவாறே மருந்துண்பவர் குணமடைவாரா என்பதை அறிய வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளரை எழுந்தமானமாக இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரை நிலையத்தில் ஓராண்டு தங்கவைத்தும், மறு பகுதியாரை வீட்டில் இருக்கவிட்டும் ஒரே வகை மருந்துகளை அளித்தனர். நிலையத்திலிருந்தோர்க்கு நல்லுணவும் காற்றோட்டமும் நீண்ட ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், குறைவாக ஓய்ந்தனர், பலர் நடமாடித் தம் வேலைகளையும் செய்தனர். ஆண்டிறுதியில் இரு பகுதியாரது முன்னேற்றத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு 1959 இல் வெளிவந்தது. உலகெங்கும் காசநோய் நிலையங்கள் மூடப்பட்டமைக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்று. காங்கேசன்துறைக் காசநோய் வைத்தியசாலையை நினைவிற்கொண்ட யாழ்ப்பாணத்து முதியோர்க்கு அக்கால மாற்றம் விளங்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். சென்னை ஆய்வு, மருந்து உள்ளவிடத்து ஓய்வு இன்றியமையாததன்று என்பதையே நிறுவியது. நடை நோயை மாற்றும் என்று நிறுவவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிக் கூறுவது ஆய்வாளர்க்கு அடாது. எனினும், படுக்கையே மருந்து என்ற நம்பிக்கை தளர்ந்த பின்னரே அடுத்த கேள்வியை உரத்துக் கேட்க முடிந்தது. மருந்தால் மாறாத நுரையீரல் நோய் உடையவரை என் செய்வது என்பதே அக்கேள்வி.

அதனை மெல்லக் கேட்டவர்கள் முன்னரே இருந்தனர். 1952 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கைச் சேர்ந்த அல்வன் பறாக்கும் அவர்தம் துணைவரும், காற்றறைகள் சிதைந்த நோயாளர் ஒட்சிசன் துணையோடு நடந்து பழகியபோது, நாளடைவில் அத்துணையின்றியும் நடக்கும் ஆற்றல் பெற்றதைக் கண்டு, விளையாட்டு வீரர் பயிற்சியாற் பெறும் மாற்றத்தோடு அதனை ஒப்பிட்டனர். 1964 இல் அமெரிக்காவின் டலஸ் நகரத்து ஆய்வாளர், ஓடும் பட்டையில் நோயாளரை நடக்கவைத்து அளந்தனர். பயிற்சியின் பின்னர் அதே நடைக்கு நாடித் துடிப்புக் குறைந்தது, மூச்சின் வேகமும் குறைந்தது. நுரையீரலின் நிலையோ மாறவில்லை. 1969 இல் தோமஸ் பெற்றி என்பார் நடை, மூச்சுப் பழக்கம், நோயறிவு, ஒட்சிசன் ஆகியவற்றை ஒன்றிணைத்து ஒரு முழுமையான திட்டத்தை வெளியிட்டார். அவர் பணியாற்றிய நகரமும் டென்வரே. டெனிசன் எழுதி எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றிருந்தன.

நுரையீரல் மாறாதிருக்க நோயாளி எவ்வாறு முன்னேறினார்? இப்புதிர் கால் நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவரைப் பிரித்து வைத்தது. மூச்சு முட்டுவதால் நோயாளி கடுமையாக உழைக்கவே இயலாது; உழையாதவிடத்துத் தசை வலுப்பெறாது; ஆகவே முன்னேற்றம் வெறும் ஊக்கத்தினால் வந்தது என்று ஒரு சாரார் வாதிட்டனர். 1991 இல் கலிபோர்னியாவின் றிச்சட் கசபூரியும் அவர் குழுவினரும் இதற்கு விடை கண்டனர். மூச்சு முட்டுகிறவர் நடையைக் குறைக்கிறார். நடை குறையக் காற்றசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை ஒட்சிசனைச் செவ்வனே பயன்படுத்த மாட்டாது, சிறு வேலைக்கே இலற்றிக் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கின்றது. அவ்வமிலத்தைச் சமன்செய்ய உடல் மேலும் மூச்சுவிட வேண்டியதாகிறது. காற்றை முழுதும் வெளியேற்ற மாட்டாத நுரையீரலுக்கோ விரைந்த மூச்சுப் பெருங்கேடு; பழைய காற்று உள்ளே தங்க, புதிய மூச்சுக்கு இடமில்லாது போகின்றது. போதிய கடுமையுடன் பயிற்சி பெற்றவரிடம் இவ்வமிலம் குறைந்தது, அதற்கேற்ப மூச்சுத் தேவையும் குறைந்தது. 1996 இற் கனடா நாட்டு ஆய்வாளர் தொடைத் தசையிற் சிறு துண்டெடுத்து நோக்கி, ஒட்சிசனைப் பயன்படுத்தும் நொதியங்கள் பயிற்சியினாற் பெருகியதை நேரே கண்டனர். நோய் நெஞ்சில் இருக்க, மருந்து காலுக்குச் சென்றது என்னும் விந்தை இவ்வாறு தெளிவாயிற்று.

திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் பிராணாயாமத்தை விரித்துரைப்பதைச் சுட்டி, இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்று கூற விரும்புவோர் நம்முள் உளர். மூச்சைப் பயில்வது நன்றே; நோயாளர் சிலர்க்கு அதனாற் பயனுண்டு என்பதைச் சில ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் மேலே கூறியது மூச்சுப் பயிற்சியன்று, தசைப் பயிற்சி. பழம்பெருமைக்காக ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைத்தல் இரண்டுக்கும் நீதியாகாது.

தோட்டப்புறத்துக்கு மிக நெருங்கிய ஆய்வு எதுவென்று கேட்பின், 1977 இல் மக்கவின் என்பாரும் அவர் குழுவினரும் பிரித்தானியாவில் வெளியிட்டதையே யாம் காட்டுவோம். நாட்பட்ட மார்புச்சளி நோயுடைய ஆடவரைத் தத்தம் வீட்டுப் படிக்கட்டிலேயே நாள்தோறும் ஏறி இறங்கச் செய்து, பயிற்சி பெறாதவருடன் ஒப்பிட்டனர். பொறி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பயின்றவர் மேலும் நெடுந்தூரம் நடந்தனர். பின்னர்ச் சான்றுகள் பெருகின. வேல்சு நாட்டில் 200 நோயாளரைக் கொண்டு நடந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆறு கிழமைப் பயிற்சித் திட்டத்திற் சேர்ந்தோர் அடுத்த ஓராண்டில் வைத்தியசாலையிற் கழித்த நாட்கள் சராசரியாக 10. சேராதோர் கழித்தவை 21. 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளரையும் ஒருங்கே கணித்த கொக்கிறேன் தொகுப்பாய்வு 2015 இல் வெளிவந்தது. பயிற்சி பயன் தருமா என்று இனியும் ஆராயத் தேவையில்லை என அதனோடு எழுதியோர் அக்கேள்வியை மூடிவிட்டனர். திறந்திருப்பது வேறொரு கேள்வி: அப்பயிற்சி யார் வாசலைச் சென்றடைகிறது?

இவ்வினாவோடு இலங்கையும் அண்மையில் இணைந்தது. இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில், பத்து மீற்றர்த் தடத்தில் ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டு நடக்கும் சோதனையை 1992 இல் வகுத்தவர் சலி சிங். அவர் தலைமையில் 2017 முதல் இயங்கிய பன்னாட்டு ஆய்வுக் குழுவில் இந்தியா, உகண்டா, கிர்கிசுத்தான் ஆகியவற்றோடு இலங்கையும் இடம்பெற்றது. இங்கு சிறீ சயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் அதிற் பங்குகொண்டனர். மேலைநாட்டுத் திட்டத்தை அவ்வாறே கொண்டுவந்து நடாமல், அந்தந்த நாட்டு வாழ்க்கைக்கேற்பத் திருத்தி ஆராய்வதே அக்குழுவின் நோக்கம். 2023 ஆம் ஆண்டிலே உலக சுகாதாரப் பேரவையும் புனர்வாழ்வுச் சிகிச்சையை நாடுகளின் அடிப்படைச் சுகாதார சேவையிற் சேர்க்குமாறு தீர்மானித்தது.

நிவித்திகலத் தோட்டமொன்றுக்கு அதனைத் திருத்துவதாயின் முதலிற் பார்க்கவேண்டியது கணக்கு. வழமையான திட்டம் எட்டுக் கிழமை, கிழமைக்கு இரு நாள். அதற்காக இரத்தினபுரிக்குப் பேருந்தில் வந்து போகும் பெண்ணுக்குப் பதினாறு நாட் பேர் இல்லாமற் போகும். வேலையை விட்டவளாயின், அவளோடு துணைக்கு வரும் மகளுக்குப் போகும். நுரையீரலின் ஆற்றலை ஊதிப் பார்ப்பது, இருதய நோய் உண்டா என ஆராய்வது, சளியிற் காசநோய்க் கிருமி இல்லையென உறுதிப்படுத்துவது ஆகியவற்றுக்கு மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றே ஆகவேண்டும். அதனைத் தவிர்த்தல் கூடாது. நடக்கும்போது விரல்நுனியில் ஒட்சிசன் அளக்கும் சிறு கருவியும் தேவை. ஆனால் எஞ்சியவற்றைத் தோட்டத்திலேயே செய்யலாம். பேச்சு முற்றும் அடையாது, ஆயினும் பாட்டுப் பாட இயலாத அளவு மூச்சு வாங்கும் நடை. இருக்கையிலிருந்து கைதாங்காது எழுந்து அமர்தல். ஒரே படியில் ஏறி இறங்குதல். மணல் நிரப்பிய போத்தலைத் தூக்குதல். கிழமைதோறும் சிறிது கூட்டவேண்டும். எட்டுக் கிழமையோடு நிறுத்தினால், பெற்ற பயன் ஓராண்டளவிற் பெரும்பாலும் கரைந்துபோகும் என்பதையும் ஆய்வுகள் கண்டுள்ளன. ஆதலால் ஒரு முறை வந்துபோகும் முகாமால் இது ஆகாது; தோட்டத்திலேயே தங்கியிருப்பவர் ஒருவர், நோயாளரின் மொழியிலே எண்ணிக் குறித்துவைக்க வேண்டும்.

இடத்துக்கும் குறைவில்லை. லயங்களைச் சுற்றிச் சமநிலம் அரிதே. எனினும் பெரட்டுக்களம் உண்டு. மாரியம்மன் கோவில் முன்றில் உண்டு. லெஸ்ரரிலே வகுத்த சோதனைக்கு ஒன்பது மீற்றர் இடைவெளியில் இரு கூம்புகள் வைத்தாற் போதும். கூம்பு இல்லாதவிடத்து இரண்டு கற்களை நாட்டலாம்.